மணியடித்து வாசித்த வேதம்

நம் ஆலயங்களின் வாசகப் பீடத்தில் இருக்கும் தமிழ் வேதாகமம், ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரைவிட ஒரு வயது மூத்தது. அவர் பிறந்த ஆண்டு 1872. ஹென்றி பவர் தலைமையிலான குழு தன் திருத்த வேலையை முடித்து முழு வேதாகமத்தை வெளியிட்டது 1871இல். ‘பவர் திருப்புதல்’ என்று பெரியவர்கள் சொல்லும் அந்த நடைதான் இன்றும் நம் காதில் விழுகிறது.

விழா மலர் என்றால் கோபுரம் எடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர், அசனத்துக்கு அரிசி மூட்டை இறக்கியவர் எல்லோருக்கும் ஒரு பக்கம் உண்டு. இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மணி எதற்காக அடிக்கப்பட்டது என்பதை எழுதும் மலர்கள் குறைவு. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் அடித்த மணி அல்ல அது. காலையில் காட்டுக்குப் போகும் முன்னும், மாலையில் திரும்பிய பின்னும் ஊரைக் கூட்டி வேதத்தை வரிசையாக வாசிக்க அடித்த மணி. கரிசல் சபைகளின் அஸ்திபாரம் அந்த வாசிப்பில்தான் போடப்பட்டது என்பது என் கட்சி.

புரொட்டஸ்டண்டு மிஷன் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேதக் கதைகள் கரிசலுக்கு வந்துவிட்டன. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டி, மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று. அங்கே ஊழியம் செய்தவர்களில் ஒருவர் வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணி 1726ஆம் ஆண்டின் நூல்; 36 படலம், 3615 பாட்டு. சூசையப்பரைத் தலைவராக வைத்த காப்பியம்தான் என்றாலும், பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் பலவும் அதற்குள் கிளைக்கதைகளாக வருகின்றன. கத்தோலிக்கத் தமிழருக்கு அச்சிட்ட வேதாகமம் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் வேதக் கதைகள் பலவற்றைக் காப்பியத்துக்குள் வைத்துக் கொடுத்தார். நம் சபைகளின் மலர்களில் இந்தச் செய்தி வருவதே இல்லை. பங்காளி வீட்டுச் சொத்து என்று நினைத்துவிட்டோம் போலும்.

அச்சில் வந்த கதை வேறு. அது துண்டு துண்டாக வந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்துவிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719இல் இறந்தார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சுல்ட்ஸ். 1728 வாக்கில் முழு வேதாகமமும் தமிழில் கிடைத்தது. அதன்பின் பிலிப் பப்ரீஷியஸ் எல்லாவற்றையும் புதிதாக எடுத்துச் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பழைய ஏற்பாடு முடிந்த 1796இல் அவர் உயிரோடு இல்லை. தாம் மொழிபெயர்த்த முழுப் புத்தகத்தையும் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு சீகன்பால்குக்கும் இல்லை, பப்ரீஷியஸுக்கும் இல்லை.

இந்த 1796 நமக்கு முக்கியமான ஆண்டு. திருநெல்வேலிச் சீமையின் முதல் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவக் குடியிருப்பாகிய முதலூர் உருவானது 1799இல். அதே ஆண்டு அக்டோபரில்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஒருபக்கம் பாளையங்கள் சரிந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் சபைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி முளைத்த சபைகளுக்கு, நல்ல தமிழில் முடிந்த முழு வேதாகமம் மூன்றே ஆண்டு வயதுடைய புதுப் பொருள்.

பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ், பப்ரீஷியஸின் தமிழும் போதாது என்று கருதினார். அவருடைய புதிய ஏற்பாட்டுத் திருத்தம் 1833இல் முழுமையானது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் உதவியோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. தமிழ்நாட்டு மிஷன்கள் அதை ஏற்கவில்லை. இப்படி ஊருக்கொரு தமிழ் வேதம் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான், பப்ரீஷியஸின் தமிழை அடிப்படையாக வைத்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே திருத்தம் வேண்டும் என்று பவர் குழு உட்கார்ந்தது. கால்டுவெல் அதில் ஓர் அங்கத்தினர். முடிந்தது 1871. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது முதல் கணக்கிட்டால் 165 ஆண்டு. பிற்காலத்தில் வேறு திருத்தங்களும், 1995இல் கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பும் வந்தன. வாசகப் பீடத்தைவிட்டுப் பவர் இன்னும் இறங்கவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. வாசிக்க ஆள்? அன்றைக்குச் சபையாரில் பெரும்பாலோர்க்கு எழுத்து தெரியாது. பெண்களில் தெரிந்தவர் மிகக் குறைவு. முழு வேதாகமம் கனமான புத்தகம், விலையும் கூட. அதனால் வீட்டுக்கு வீடு போனவை தனிச் சுவிசேஷப் பிரதிகளும் துண்டுப் பிரசுரங்களும்தான். முழுப் புத்தகம் ஜெபவீட்டில் இருந்தது, உபதேசியார் கையில்.

உபதேசியார் என்பவர் அந்தக் காலச் சபையின் நடுத்தூண். குருவானவருக்கு ஒரு சேகரம், அதில் பல ஊர்கள். மாதத்தில் ஒருநாள் ஒரு ஊருக்கு வந்தால் பெரிது. ஊரோடு குடியிருந்தவர் உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் பெரியவர்களுக்கு வேதம், இடையில் சண்டை தீர்ப்பது, காய்ச்சல்காரன் தலைமாட்டில் ஜெபிப்பது என எல்லாம் அவர் பொறுப்பு. ரேனியஸ் தம் உபதேசியார்களை மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வரவழைத்தார். அவர்கள் ஊர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும், பாடம் கேட்க வேண்டும், பிறகுதான் திரும்ப வேண்டும். ஊருக்குக் கற்றுக்கொடுப்பவனே தொடர்ந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, அவர் கட்டிய எந்தக் கட்டடத்தைவிடவும் பெரிய காரியம்.

எதை வாசிப்பது என்பதை உபதேசியாரின் விருப்பத்துக்கு விடவில்லை. இந்தச் சபைகளை நடத்திய எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். இரண்டும் ஆங்கிலிக்கன் மிஷன்கள். அவற்றின் ஜெபப்புத்தகத்தில் நாளுக்கு நாள் வேதபாட அட்டவணை உண்டு. 1662ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி சங்கீதங்கள் 150ம் முப்பது நாளில் ஒரு சுற்று முடியும். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை வரும். வெளிப்படுத்தல் நீங்கலாகப் புதிய ஏற்பாடு ஆண்டில் மூன்று சுற்று ஓடும். அதிலும் ஓட்டைகள் இருந்தன. லேவியராகமத்தின் பெரும்பகுதியும் நாளாகமங்கள் இரண்டும் அட்டவணையில் வரவே வராது. பவர் வேதாகமம் வந்த அதே 1871இல் இங்கிலாந்தில் அட்டவணையைத் திருத்தி, புதிய ஏற்பாட்டை இரண்டு சுற்றாகக் குறைத்தார்கள். ஓட்டை இருந்தாலும், எழுத்து தெரியாத ஒரு கிழவி வருஷம் முழுக்க மணிச்சத்தத்துக்குப் போய் உட்கார்ந்தால், ஆபிரகாம் முதல் அப்போஸ்தலர் வரை வரிசை பிசகாமல் காதில் விழுந்துவிடும்.

விழுந்தது தங்கியதா என்று பார்க்கவும் ஒரு முறை இருந்தது. கால்டுவெல் இந்தச் சபைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1857இல் நூலாக வந்தன. அதில் அன்றாட ஜெபக் கூட்டங்களைப் பற்றியும், பிரசங்கத்தின் நடுவே சபையாரைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார். இன்றைக்கு நம் போதகர் யாராவது பிரசங்கத்தை நிறுத்தி, மூன்றாம் வரிசையில் இருக்கும் அண்ணாச்சியைப் பார்த்து, ‘யோசேப்பை யார் விற்றார்கள்?’ என்று கேட்டால் அடுத்த ஞாயிறு அந்த வரிசையே காலியாகிவிடும். அன்று கேட்டார்கள். பதிலும் வந்தது.

இதெல்லாம் தாமிரபரணிக்குத் தெற்கே, பனங்காட்டு ஊர்களில் வேர்பிடித்த ஏற்பாடு. வடக்கே கரிசலில் நிலைமை அப்படி இல்லை. சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் வட்டாரங்களில் சபைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோவாக இருந்த தாமஸ் ராக்லண்ட், சென்னையில் சி.எம்.எஸ். செயலாளராக நாற்காலியில் இருந்தவர், 1854இல் அதை விட்டுவிட்டு டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரோடு இந்தப் பக்கம் வந்தார். கூடாரம் போட்டு ஊர் ஊராக நகர்ந்தார்கள். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பி உதவின. அதாவது தெற்கின் கல்வி வடக்குக்குக் கடன் கொடுக்கப்பட்டது. நாலே ஆண்டில், 1858 அக்டோபர் 22ஆம் தேதி, ராக்லண்ட் சிவகாசியில் இறந்தார். கண்ணுக்குத் தெரிந்த பலன் அப்போது கொஞ்சம்தான். சுற்றிவந்து சொல்லலாம்; உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஊரோடு ஒருவர் வேண்டும் என்பது வடபகுதி கற்ற பாடம்.

அப்படி ஊரோடு உட்கார ஆள் தயாரித்த இடங்களில் நமக்கு மிக அருகில் இருந்தது சாயர்புரம். ஜி.யு.போப் 1842இல் அங்கே வந்து செமினரியைத் தொடங்கி நடத்தினார். 1849 வரை இருந்தார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் என்றே போப்பை உலகம் அறியும். சாயர்புரம் மாணவர்கள் அறிந்த போப் கண்டிப்புக்குப் பேர்போனவர். தமிழும் ஆங்கிலமும் போக லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று பாடம் வைத்தார். பனங்காட்டுப் பையனுக்கு எபிரேயம் எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டிருக்கலாம். பழைய ஏற்பாட்டை அதன் சொந்த மொழியில் தொட்டுப் பார்த்தவன் அதை லேசில் தள்ளிவிட்டுப் போகமாட்டான் என்பதே அதற்குப் பதில்.

அதே சாயர்புரத்துக்கு 1853இல் தமிழாசிரியராக வந்தவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. வந்தபோது வைணவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. மூலம் பனியனின் நூல் என்பது தெரிந்த செய்தி. பனியனோ வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் அதிகம் கற்காத தகரவேலைக்காரர். முழு வேதத்திலும் ஊறிப்போனவர். கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறியவர். இந்த இரண்டு ஊறலும் சேர்ந்த இடம் நம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாயர்புரத்தின் கல்லூரி வகுப்புகள் 1883இல் தூத்துக்குடிக்கு மாறின. அங்கே கால்டுவெல் பெயரில் நிலைத்த பள்ளியில்தான் ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. படித்தார்.

தாது வருஷப் பஞ்சம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, மானாவாரி நிலம் முழுக்கக் காய்ந்தது. கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர வந்தார்கள். எஸ்.பி.ஜி. மிஷனின் வடபகுதியில் இருந்த புதியம்புத்தூரும் (இன்று ஆயத்த ஆடைக்குப் பேர்போன அதே ஊர்தான்) நாகலாபுரமும் இந்த அலையின் பாதையில் இருந்தன. மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றது சரியாக இந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877 மார்ச்சில். வந்தவர்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுக்க உபதேசியார்களும் போதவில்லை. மழை பெய்ததும் ஒரு பகுதியார் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. கரிசலில் வீடு கட்டியவருக்குத் தெரியும்: ஈரத்தில் உப்பி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் இது, மேல்மண்ணில் நின்ற சுவர் இரண்டு கோடையில் கீறல் விடும், கறுப்பைத் தோண்டி எடுத்து, கடினத்தரை கண்டு சரளை கொட்டி எழுப்பிய சுவர் நிற்கும். ஆள் வைத்துக் கற்றுக்கொடுத்த ஊர்களில் சபை நின்றது.

முழு வேதத்தையும் கற்க வேண்டும் என்று சொல்லும்போது, ‘புதிய ஏற்பாடு போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. புரொட்டஸ்டண்டு வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். அவற்றில் 929 பழைய ஏற்பாடு. புதிய ஏற்பாடு மட்டும் போதுமென்றால், நான்கில் மூன்று பங்குக்கு மேல் மூடியே கிடக்கிறது என்று அர்த்தம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது சிறுவயது முதல் நீ அறிந்த வேத எழுத்துகள் என்று நினைவூட்டுகிறாரே, அப்போது புதிய ஏற்பாடு ஏது? எம்மாவு வழியில் உயிர்த்த இயேசு அந்த இரண்டு பேருக்கும் பாடம் நடத்தியது மோசேயிலிருந்து தொடங்கி.

கரிசல்காரருக்கு இதில் தனி நஷ்டமும் உண்டு. உபாகமம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எகிப்தைவிட்டு வந்த ஜனத்துக்கு மோசே இரண்டு வகை விவசாயத்தை ஒப்பிட்டுக் காட்டுகிறார். எகிப்தில் ஆறு உண்டு. விதைத்தவன் காலால் தண்ணீர் பாய்ச்சிப் பயிரை வளர்த்துவிடலாம். நீங்கள் போகிற தேசம் அப்படியல்ல; மேடும் பள்ளமுமான அந்த நிலம் வானத்து மழையைக் குடித்துத்தான் விளையும். முன்மாரியும் பின்மாரியும் ஏற்ற காலத்தில் வந்தால் தானியம், திராட்சரசம், எண்ணெய். வராவிட்டால் ஒன்றும் இல்லை. இதை ஆற்றுப்பாசன ஊரில் இருப்பவர் வாசித்தால் அது பழைய தேசத்துச் செய்தி. புரட்டாசியில் வானம் பார்த்து உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறவன் வாசித்தால் அது அவன் காட்டுச் செய்தி. வாக்குத்தத்தத்தின் தேசம் என்று வேதம் பேசுவது ஒரு மானாவாரி நிலத்தை. தாமிரபரணிக்கரையை நினைத்து ஏங்குகிற நமக்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

அதோடு முடியவில்லை. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விடு என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அந்தச் சட்டம் தெரியாமல் ரூத்தின் கதையை வாசித்தால் அது வெறும் கல்யாணக் கதை. தெரிந்து வாசித்தால், அறுத்த காட்டில் கதிர் பொறுக்கிப் பிழைத்த ஒரு விதவைக்குச் சட்டம் எப்படிச் சோறு போட்டது என்பது விளங்கும். பிற்பாடு அவள் பெயர் மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்ச வரலாற்றில் வரும்போது அது வெறும் பெயர்ப்பட்டியலாகத் தெரியாது. வெட்டுக்கிளி தின்ற காட்டைப் பற்றிய யோவேல், வெடித்த நிலத்தையும் வெறும் குடத்தோடு திரும்புகிறவர்களையும் சொல்லும் எரேமியா 14 எல்லாம் எந்த விளக்கவுரையும் இல்லாமலே நமக்குப் புரியக்கூடிய பகுதிகள். நாம் வாசிக்காத பகுதிகளும் அவையே.

எங்கே விட்டோம்? 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியானது. நாசரேத்துக்குப் பக்கம் திருமறையூரில் இருந்த இறையியல் கல்லூரி, 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியாக மற்றவர்களோடு இணைந்தது. 1971இல் பெங்களூரில் தொடங்கிய தாஃப்டீ அமைப்பு வேலையில் இருக்கும் சபையாரும் வீட்டிலிருந்தே இறையியல் கற்க வழி செய்தது. படித்த குருமார் பெருகினார்கள். எழுத்து தெரியாத வீடு இன்று அபூர்வம். வீட்டுக்கு நாலு வேதாகமம், போதாததற்குக் கைபேசியில் வாசித்துக் காட்டும் வேதாகமம். தினசரி மாலை மணி மட்டும் பல ஊர்களில் நின்றுபோயிற்று. தனியாக வாசிக்கத் தெரிந்ததும் கூடி வாசிப்பதை விட்டோம். பிறகு தனியாகவும் வாசிக்கவில்லை.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரிசையில் நின்று ஒரு அட்டை எடுக்கிறோம். ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரு வசனம். அட்டை எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, எடுத்த வசனத்தின் அதிகாரத்தையாவது வாசிக்கலாமே என்கிறேன். எரேமியா 29:11 அடிக்கடி வரும் அட்டை. நல்ல எதிர்காலம் தருவேன் என்ற வாக்கு. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 ஆண்டு என்று கெடு போட்டிருக்கிறது. பாபிலோனில் சிறையிருக்கிறவர்களுக்கு எழுதிய கடிதம் அது: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபியுங்கள், திரும்புவது உங்கள் பிள்ளைகள் காலத்தில். சீக்கிரம் நடக்கும் என்று சொன்ன தீர்க்கதரிசிகளைப் பொய்யர் என்கிறது அதே கடிதம். அட்டையை மட்டும் வைத்திருப்பவர் மார்ச் மாதமே ஏமாந்துபோவார். அதிகாரத்தை வாசித்தவர் காத்திருக்கக் கற்பார்.

தனியாக ஆண்டுக்கு ஒருமுறை முடிக்க நினைப்பவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள் என்பதும் அனுபவம். அதனால்தான் இதைத் தனி ஆளின் வைராக்கியத்துக்கு விடக்கூடாது என்கிறேன். ஏழாண்டுக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையில் ஆண், பெண், பிள்ளைகள், பரதேசி எல்லோரும் கேட்க நியாயப்பிரமாணத்தை வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 31 ஏற்பாடு செய்கிறது. எஸ்றா தண்ணீர் வாசலில் காலை முதல் நண்பகல் வரை வாசித்தபோது, அர்த்தம் சொல்லிக்கொடுக்க லேவியர் கூடவே நின்றார்கள். இரண்டுமே சபையாகக் கூடிக் கேட்டவை.

சேகரக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பண்டிகை முடிந்ததும் ஞாயிறு மாலை ஆராதனையில் வாரம் ஒரு அதிகாரமாக உபாகமத்தை முதலிலிருந்து வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசிப்பது வாலிபர்களும் பெண்களுமாக முறைவைத்து இருக்கட்டும். முடிவில் மூன்று கேள்வி கேளுங்கள். 34 அதிகாரம். புரட்டாசி விதைப்பில் தொடங்கினால் வைகாசியில் முடிந்துவிடும்.